சல்ஃப்யூரிக் அமிலப் புட்டி பிசுபிசுக்கிறதா?

தாம்பரம் பக்கக் கல்லூரி ஆய்வகத்தில் 98% சல்ஃப்யூரிக் அமிலப் புட்டியின் மட்டம் தானாக ஏறுகிறது, வெளிப்புறம் பிசுபிசுக்கிறது, துணியால் துடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம் சார். அந்தப் பிசுபிசுப்பு அமிலம்தான். மூடி சரியாக இறுகவில்லை. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பருத்தித் துணி கருகிப்போகும். பாதுகாப்புக் கண்ணாடி, ஏப்ரன், தடித்த நியோப்ரீன் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறையை நம்ப வேண்டாம். புட்டியை பிளாஸ்டிக் தட்டில் வைத்து, பிசுபிசுத்த இடத்தில் சமையல் சோடாவைத் தூவுங்கள். நுரை அடங்கியதும் ஈரத்துணியால் துடைக்கலாம்.

இரும்பு ரேக்கின் மேல் தட்டில்தானே வைத்திருக்கிறீர்கள்? அதுதான் எனக்குப் பெரிய கவலை. 2.5 லிட்டர் புட்டியில் அமிலம் மட்டுமே நாலரைக் கிலோவுக்கு மேல். இடுப்புக்குக் கீழே இறக்குங்கள். ஈரம் சேர்ந்து நீர்த்துப்போன அமிலம் ரேக்கின் இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும்.

தோலில் பட்டால் சோடா போடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண் என்றால் கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்த அமிலம் இனி 98% இல்லை. செறிவு முக்கியமான சோதனைக்குப் புதுப் புட்டி வாங்கிவிடுங்கள்.