ஒரே ஒரு கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வென்ற குரோஷிய வீரர் கோரன் இவானிசெவிச் ஏன் இன்றும் பேசப்படுகிறார்?

ஒரே பட்டம்தான், ஆனால் அவர் அதை வென்ற விதம் அப்படி. விம்பிள்டன் இறுதியில் 1992-ல் அகாசியிடமும், 1994, 1998-ல் சாம்ப்ராஸிடமும் தோற்றவர் அவர். 2001-ல் தோள் காயத்தோடு தரவரிசையில் 125-ஆம் இடம். அந்த இடத்துக்கு நேரடி நுழைவு கிடையாது. பழைய சாதனையைப் பார்த்து 'வைல்டு கார்டு' எனும் சிறப்பு அனுமதி கொடுத்தார்கள். அப்படி வந்து விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரை வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

மழையால் அரையிறுதி மூன்று நாள் இழுத்தது. இறுதிப் போட்டி திங்கட்கிழமைக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் ராஃப்டரை 6-3, 3-6, 6-3, 2-6, 9-7 என வென்றார். வெற்றிப் புள்ளி கைக்கெட்டியதும் பதற்றத்தில் இருமுறை டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் புள்ளியை இழப்பது). நான்காவது வாய்ப்பில்தான் முடிந்தது. அந்தக் கடைசி ஆட்டத்தை ஒருமுறையாவது பாருங்கள், மனசு கனத்துவிடும்.

அவரது ஆயுதம் இடக்கை சர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி. பந்தை அதிக உயரம் தூக்காமல் சட்டென்று அடிப்பார். எந்தப் பக்கம் வரும் என்று எதிராளி கணிக்க நேரமே இருக்காது. இடப்பக்கக் கட்டத்தில் வலக்கையரின் பேக்ஹேண்டை விட்டு விலகி வெளியே ஓடும். புல்தரையில் பந்து தாழ்ந்து சறுக்குவதால் எட்டுவதே கடினம். 1996-ல் மட்டும் 1,477 ஏஸ்கள் (எதிராளி தொடவே முடியாத சர்வ்கள்).

குரோஷியர்களுக்கு அவர் அதற்கும் மேல். சுதந்திர நாடாக அவர்கள் பங்கேற்ற முதல் கோடை ஒலிம்பிக்கான 1992 பார்சிலோனாவில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் வெண்கலம் வென்றார். பிறகு பயிற்சியாளராக சிலிச்சுக்கு 2014 அமெரிக்க ஓபன், ஜோகோவிச்சுடன் பல பட்டங்கள்.