இளம் கூடைப்பந்து ஷூட்டரைப் (தூரத்திலிருந்து பந்தைக் கூடையில் எறிபவரை) பழைய சக வீரரோடு ஒப்பிடுவது சரியா? (ஜோர்டன் பூல் – கிளே தாம்சன்)

'பொட்டென்ஷியல்' என்றால் ஒரு வீரர் இன்னும் எவ்வளவு வளரலாம் என்ற கணிப்பு. அணியில் ஏற்கெனவே ஆடியவரை அளவுகோலாக வைப்பது வழக்கம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் 2019-ல் சேர்ந்த ஜோர்டன் பூலை கிளே தாம்சனோடு பலர் ஒப்பிட்டது அப்படித்தான்.

எண்கள் ஆசை காட்டின. 2021-22 சீசனில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிவது) எறிவதில் பூல்தான் என்பிஏவில் முதலிடம், 92.5%. ஆனால் அதே சீசனில் அவருடைய த்ரீ பாயிண்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) 36.4%தான். தாம்சனின் வாழ்நாள் சராசரியோ 40 சதவீதத்துக்கு மேல்.

ஃப்ரீ த்ரோவில் இவ்வளவு நல்ல கை இருந்தும், த்ரீ பாயிண்டரில் பூலுக்கு ஏன் இந்த இடைவெளி? தாம்சன் பந்துக்காகக் காத்திருந்து, வாங்கியவுடன் எறிபவர். 2016 டிசம்பரில் இண்டியானா அணிக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளிகள் குவித்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தட்டியது வெறும் 11 முறை! பூல் அப்படியில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே போய், ஆளை ஏமாற்றி, சமநிலை குலைந்த நொடியில் எறிவார். உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்ப்பதற்கும் ஓடும் பேருந்தில் நின்றுகொண்டு கோர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

அதனால் என் பார்வையில் இந்த ஒப்பீடே கொஞ்சம் கோணல். திறமையை அல்ல, வேலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். (தாம்சன் எதிரணியின் முக்கிய வீரரைத் தடுக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தார். அது தனிக் கதை.)

ஃப்ரீ த்ரோ நன்றாக விழுந்தால் த்ரீ பாயிண்டரும் தானாக ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் ஃப்ரீ த்ரோ காட்டுவது கையின் தரத்தை மட்டுமே, ஒரு வீரர் எந்த மாதிரி ஷாட்டைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை அல்ல.