ஓரவஞ்சனையில் 'ஓரம்' எது?

கேள்வி: மூத்த மருமகளுக்கு ஒரு நியாயம், இளையவளுக்கு ஒரு நியாயம் என்றால் 'ஓரவஞ்சனை' என்கிறோம். இதில் 'ஓரம்' எப்படி வந்தது? பாரபட்சமும் இதுவும் ஒன்றுதானா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: நடுவில் நிற்க வேண்டியவர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வுக்குப் பெயர் ஓரம். பழைய வழக்குதான். மன்றத்தில் ஒருதலையாகப் பேசியவரின் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும், மூதேவி வந்து வாழ்வாள், பாம்பு குடிபுகும் என்று அடுக்கும் 'நல்வழி' வெண்பா, 'மன்றோரஞ் சொன்னார் மனை' என்று முடிகிறது. மன்று, ஓரம் இரண்டும் சேர்ந்ததே 'மன்றோரம்'. தனியாக 'ஓரம்' என்று சொல்லி இந்தப் பொருளை உணர்த்துவது இன்று அரிது. வஞ்சனையோடு ஒட்டித்தான் பிழைத்திருக்கிறது. ஆகவே 'ஓர வஞ்சனை' என்று பிரிக்காமல் சேர்த்தே எழுதுங்கள்.

பாரபட்சத்துக்கு நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. 'பாரபட்சமின்றி நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அதிகாரி அறிக்கை விடலாம். 'ஓரவஞ்சனையின்றி நடவடிக்கை' என்று எழுதிப் பாருங்கள், காதில் இடறும். காரணம், ஓரவஞ்சனை பாதிக்கப்பட்டவர் வாயில் வரும் சொல். அதில் குற்றச்சாட்டோடு மனத்தாங்கலும் உண்டு. கொடுக்கும் இடத்தில் இருப்பவர் மீதுதான் அதைச் சொல்ல முடியும்: பெற்றோர், மாமியார், ஆசிரியர், அரசு. 'நிதி ஒதுக்கீட்டில் ஓரவஞ்சனை' என்று மாநிலங்கள் குமுறுவது அதனால்தான். செய்திகளில் அதற்குத் துணையாக வரும் 'மாற்றாந்தாய் மனப்பான்மை'யை விட்டுவிடலாம். மாற்றாந்தாய்களுக்கு அது நாம் செய்யும் ஓரவஞ்சனை.

கேள்வி: 'பந்திவஞ்சனை' என்று ஒரு சொல் உண்டாமே? (வாசகர், தேனி)

பதில்: உண்டு. ஒரே பந்தியில் தெரிந்த முகத்தின் இலைக்கு இரண்டு வடையும் நெய்யும், கடைசி இலைக்கு அரை அப்பளமும் ரசமும் என்று பரிமாறுவது. பஃபே வந்தபின் பரிமாறுபவரைக் குறைசொல்ல வழியில்லாமல் போயிற்று.

கேள்வி: 'தங்கம் விலையில் ஏற்றத்தாழ்வு' என்று எழுதலாமா? 'சாதி ஏற்றத்தாழ்வு', 'சாதிப் பாகுபாடு' இரண்டில் எது சரி? (வாசகர், காரைக்குடி)

பதில்: விலைக்கு 'ஏற்ற இறக்கம்' போடுங்கள். நேற்று ஏறி இன்று இறங்குவது அது. ஏற்றத்தாழ்வு ஒரே நேரத்தில் ஒருவர் மேலும் ஒருவர் கீழும் இருக்கும் நிலை.

இரண்டாவது கேள்வியில் இரண்டும் சரி, இடம்தான் வேறு. ஏற்றத்தாழ்வு நிலை, பாகுபாடு செயல். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் காரணமாக அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 38ஆம் பிரிவோ வருமான ஏற்றத்தாழ்வைக் குறைக்க முயலச் சொல்கிறது. ஒன்றைத் தடை செய்யலாம், மற்றதைக் குறைக்கத்தான் முடியும். அதனால் 'ஏற்றத்தாழ்வு காட்டினார்' என்பதைவிடப் 'பாகுபாடு காட்டினார்' என்பதே பொருந்தும். இலக்கணத்தில் 'திணைப் பாகுபாடு' என வருவது வெறும் வகைப்படுத்தல். அங்கே குற்றம் எதுவும் இல்லை.