ஹாம்பர்கரில் ஹாம் இருக்கிறதா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கியதையும், அங்கே டேவர்ன் என்னும் உணவகத்தில் பர்கர் சாப்பிட்டதையும் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் 31 ஆண்டுகள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் அங்கே போய் என்ன சாப்பிட்டாள் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

அம்மா, என் மகனும் அமெரிக்காவில் சின்ன ஊரில்தான் இருக்கிறான். ஊரில் உள்ள ஒரே சாப்பாட்டுக் கடை டேவர்ன் என்கிறான். மது விற்கும் இடத்துக்குப் பெண்கள் போகலாமா? ஹாம்பர்கரில் பன்றி இறைச்சி உண்டா?
— வாசகி, கீழக்கரை

டேவர்ன் என்றதும் நம் ஊர் டாஸ்மாக் கடையும் அதை ஒட்டிய பாரும்தான் உங்கள் கண் முன் வந்திருக்கும். எனக்கும் அப்படித்தான். வாசலிலேயே நின்றுவிட்ட என்னைப் பேத்திதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். ஒரு பக்கச் சுவரை ஒட்டி நீண்ட மர மேடை, அதன் முன்னால் உயரமான ஸ்டூல்கள். குடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே உட்காருகிறார்கள். மற்ற இடமெல்லாம் சாப்பாட்டு மேசைகள். எங்களுக்கு அடுத்த மேசையில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இருந்தாள். விஸ்கான்சினில் பெற்றோருடன் பிள்ளைகள் உள்ளே வரலாம். பிற மாநிலங்களில் விதி வேறாக இருக்கக்கூடும், மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹாம் என்றால் பன்றித் தொடைக்கறி என்பது சரி. ஆனால் ஹாம்பர்கர் என்ற பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்தது. பன்னுக்கு நடுவே வைப்பது மாட்டுக் கைமாவைத் தட்டிச் சுட்ட வட்டம். பன்றி வேறு வழியில் வந்து சேரும். பேக்கன் என்று பட்டியலில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பன்றிதான். பேக்கன் வேண்டாம் என்று சொன்னாலும், அது பொரிந்த அதே கல்லில் உங்கள் பர்கரும் வேகக்கூடும். காய்கறி பர்கருக்கும் இதே கதை. ஹலால் என்று கடைக்காரரே உறுதி சொல்லாத இடத்தில் அது ஹலால் கறி அல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள். மார்க்க விஷயத்தை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். அடுப்படி விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

மீன் கேட்டுவிட்டால் கவலை இல்லை என்று எண்ணாதீர்கள். அங்கே மீனைத் தோய்க்கும் மாவைப் பல கடைகளில் பீர் ஊற்றித்தான் கரைக்கிறார்கள். மொறுமொறுப்பு வர அது ஒரு வழி. ‘மாவில் பீர் சேர்த்திருக்கிறீர்களா’ என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டபோது பரிமாறிய பெண் முகம் சுளிக்கவில்லை. சமையலறைக்குப் போய் விசாரித்து வந்து சொன்னாள்.

ரூட் பீர் என்று ஒன்று உண்டு. பெயரில் மட்டும்தான் பீர். கடையில் குளிர்பானமாக விற்கும் அதில் மது கிடையாது, குழந்தைகள் குடிப்பது. நம் நன்னாரி சர்பத்தின் தூரத்து உறவு போல இருக்கும் என்று ஆசையாக வாங்கினேன். தலைவலித் தைல வாசனை தூக்கலாக அடித்தது. பேத்தி இரண்டு கோப்பை குடித்தாள்.

பரிமாறுபவருக்கு டிப்ஸ் கட்டாயமா?
— வாசகர், தொண்டி

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனாலும் கொடுத்துவிடுங்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலியை மத்தியச் சட்டம் மணிக்கு 2.13 டாலர் என்றே வைத்திருக்கிறது. பல மாநிலங்களில் கூடுதல், விஸ்கான்சினில் 2.33. டிப்ஸ்தான் அவர்களுக்குச் சம்பளம். பில்லில் 15 முதல் 20 சதவீதம் வழக்கம்.

வெள்ளிக்கிழமை மீன் விருந்து என்று எழுதியிருந்தீர்களே, அது நம் தவக்கால வழக்கம் போன்றதா?
— வாசகர், தங்கச்சிமடம்

அதே வேர்தான். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் போய்க் குடியேறிய கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை கறியை ஒதுக்கினார்கள். 1920 முதல் 1933 வரை அந்த நாட்டில் மதுவிலக்கு இருந்தபோது, பீர் விற்க முடியாத டேவர்ன்கள் மீன் பொரித்துப் போட்டு ஆட்களை வரவழைத்தன. மதுவிலக்கு போய்விட்டது, மீன் நிலைத்துவிட்டது. தவக்காலம் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமை மாலை அங்கே இடம் கிடைக்காது. கம்பு ரொட்டி போலக் கறுத்த ரை ரொட்டி, முட்டைக்கோஸ் கலவை, உருளைக்கிழங்கு அடை, பொரித்த மீன். காட் என்பது கடல் மீன். பெர்ச், வால்ஐ (walleye) இரண்டும் நன்னீர் மீன்கள். பாக் நீரிணை மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு நன்னீர் மீன் சப்பென்றுதான் இருக்கும். உப்பும் எலுமிச்சையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கிராஃப்ட் பீர் என்கிறார்களே, நம் கள்ளும் அதுவும் ஒன்றா?
— வாசகர், சாயல்குடி

நான் குடிப்பதில்லை. மாப்பிள்ளை ஒரு பலகையில் நான்கு சின்னக் கிளாஸ் வாங்கினார், நான் முகர்ந்து மட்டும் பார்த்தேன். ஒன்றில் ஆரஞ்சுத் தோல் வாசனை, இன்னொன்றில் கருகிய காப்பிக்கொட்டை. காய்ச்சுகிறவரே பின்கட்டுக்கு அழைத்துப் போய்த் தொட்டிகளைக் காட்டினார்.

பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துகிறார்கள், நாம் கேழ்வரகை முளைகட்டுவது போல. வெந்நீரில் அதன் இனிப்பை இறக்கி, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைக்கிறார்கள். கசப்பு அந்தப் பூவால் வருவது. ஐ.பி.ஏ. என்ற வகையின் முதல் எழுத்து இந்தியா. இங்கிலாந்திலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு வந்த, ஹாப்ஸ் கூடின பீரின் வழியில் வந்தது. பெரிய ஆலைகள் ஒரே சுவையை நாடெங்கும் விற்க, சிறிய அளவில் தங்கள் கைப்பக்குவத்தில் காய்ச்சுவதற்குத்தான் கிராஃப்ட் என்று பெயர். 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதை மத்திய வரியிலிருந்து விடுவித்தது. வீட்டில் பழகியவர்கள் பலர் பின்னர் சொந்தமாக ஆலை வைத்தார்கள்.

கள்ளில் கொதியும் கிடையாது, பூவும் கிடையாது. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுகிற நீர் தானாகவே புளிக்கத் தொடங்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டுப் பதநீராக நிற்கும். ஒரே மரம், ஒரே பாளை, சுண்ணாம்பு ஒன்றுதான் வித்தியாசம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. அதை நீக்குவதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தக் காய்ச்சுகிறவர் தன் தொட்டியைத் தட்டிக்காட்டிப் பெருமையோடு பேசியபோது, சாயல்குடிப் பக்கத்துப் பனையேறிகள்தான் என் நினைவில் நின்றார்கள். உயிரைப் பணயம் வைத்து ஏறி இறக்கிய பதநீரைச் சாலையோரத்தில் வைத்துக் காத்திருக்கிறார்கள், நாம் வண்டியை நிறுத்துவதில்லை. நீங்கள் அந்த ஊர்க்காரர். இந்தச் சித்திரையில் எந்த மரத்துப் பதநீர் நன்றாக இருக்கிறது என்று எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.

நம் மீனில் பர்கர் செய்ய முடியுமா?
— வாசகி, தேவிபட்டினம்

தாராளமாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது நாட்டுப்படகு மீனைப் பார்த்து வாங்குங்கள். சூரை அரைக் கிலோ போதும். மஞ்சள், உப்புப் போட்டு ஆவியில் வேகவைத்து முள்ளெடுத்து உதிருங்கள். நீர் இருக்கக் கூடாது, துணியில் பிழிந்துவிடுங்கள். அவித்த உருளைக்கிழங்கு ஒன்று, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு, கறிவேப்பிலை. காரத்துக்கு நம் குண்டு மிளகாயை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துச் சேருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் வீட்டில் இருக்கும்போது கடைப்பொடி எதற்கு? பன்னைவிட விரலளவு அகலமாகத் தட்டி, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தபின் கல்லில் போட்டால் உடையாது. ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை திருப்பாதீர்கள். பன்னின் உட்பக்கத்தையும் அதே எண்ணெயில் வாட்டிக்கொள்ளுங்கள்.