பழைய கம்ப்யூட்டரை வைத்து குறைந்த செலவில் வீட்டுக்கு சிசிடிவி அமைக்க முடியுமா?

முடியும். தென்காசி பக்கம் கிராமத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் அப்படி ஒன்று இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் "கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது, அதனால் பெரிதாகச் செலவு ஆகாது" என்று நினைத்தால், அங்கேதான் கணக்கு உதைக்கும். எனக்கும் கம்ப்யூட்டர் சும்மா கிடைத்ததுதான். அப்படியும் நெட்வொர்க் வழியே படம் அனுப்பும் ஐபி கேமரா மூன்றுக்கு 6,600, நாலு போர்ட் பிஓஇ சுவிட்சுக்கு (நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்குக் கரண்டும் அனுப்பும் பெட்டி) 1,800, 2 டிபி ஹார்ட் டிஸ்குக்கு 5,500, கேபிளுக்கு 1,500 என்று பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. வெறுமனே பதிவானால் போதும் என்றால் கடையில் விற்கும் என்விஆர் பெட்டி (கேமரா படத்தைப் பதிவதற்கென்றே வரும் கருவி) ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள். கரண்டும் மிச்சம், தலைவலியும் மிச்சம்.

நான் பெட்டி வாங்காததற்குக் காரணம் ஆடும் நாயும். அசைவைப் பார்த்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் கேமரா ஒன்றை முதலில் மாட்டிப் பார்த்தேன். பக்கத்துத் தெரு ஆடு, நாய், முருங்கைக் கிளை, ராத்திரி அகச்சிவப்பு விளக்கைத் தேடி வரும் பூச்சி, அந்தப் பூச்சியைத் தேடி வரும் பல்லி என்று எல்லாவற்றுக்கும் சென்னையில் என் போன் அலறியது. நாலாவது நாள் அறிவிப்பையே அணைத்துவிட்டேன். அணைத்த அறிவிப்புக்குக் கேமரா எதற்கு? ஆள் வந்தால் மட்டும் சொல்ல வேண்டும், அதற்கும் மாதச் சந்தா கேட்கக் கூடாது. கம்ப்யூட்டர் பக்கம் போனது இதற்காகத்தான்.

மென்பொருள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமரா படத்தைப் பதியும் இலவச மென்பொருள்களில் ஸோன்மைண்டர் பழைய ஆள். எழுதியவருடைய கராஜில் கருவிகள் திருடு போனதால் பிறந்த மென்பொருள் அது. நம்பகமானது, ஆனால் ஆட்டையும் ஆளையும் பிரித்துப் பார்க்க அதில் நிறையத் தனியாக ஒட்டவைக்க வேண்டியிருந்தது. இப்போது வைத்திருப்பது ஃப்ரிகேட், படத்தில் ஆளைத் தானே கண்டுபிடிக்கும் மென்பொருள். விண்டோஸுக்குப் பதில் டெபியன் லினக்ஸ் போட்டு, டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பொட்டலமாக ஓட்டும் கருவி) ஓடுகிறது. கேமரா ஒரே காட்சியைத் தெளிவு குறைந்த சின்ன ஓடையாகவும் தெளிவான பெரிய ஓடையாகவும் தரும். ஃப்ரிகேட் சின்ன ஓடையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும், பெரிய ஓடையை அப்படியே டிஸ்கில் எழுதும். இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓபன்வினோ என்ற இன்டெல் மென்பொருள் வழியாக உள்ளிருக்கும் கிராஃபிக்ஸே கண்டுபிடிக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும், தனி கார்டு தேவையில்லை. ஆறு, ஏழாம் தலைமுறை இயந்திரங்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் ஆபீஸ்கள் கழித்துக்கட்டும் சின்ன டெஸ்க்டாப்களைத் தேடிப் பாருங்கள். நம் வேலைக்கு அவை தாராளம்.

டிஸ்க் கணக்கு: ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் (2 எம்பிபிஎஸ்) வேகத்தில் இடைவிடாமல் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜிபி. மூன்று கேமராவுக்கு 65 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும்.

இனி நான் பட்ட பாடு.

கொல்லையில் உரித்துக் குவித்திருந்த தேங்காய் ஒரு ராத்திரி குறைந்தது. ஃப்ரிகேட் 2:40க்கு 'ஆள்' என்று சரியாகப் பிடித்திருந்தது. ஆர்வமாகத் திறந்தால், ஒரு சாக்கு, ஒரு கைலி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கறை. தப்பு என்னுடையது. கேமராவைப் பன்னிரண்டு அடி உயரத்தில், 'எல்லாம் தெரியணும்' என்று 2.8 மி.மீ. லென்ஸோடு மாட்டியிருந்தேன். ஒருவரை முகம் வைத்து அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல் (படப்புள்ளி) வேண்டும் என்பது இந்தத் துறையில் வைத்திருக்கும் அளவு. 1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். 2.8 மி.மீ. லென்ஸ் கிட்டத்தட்ட நூறு டிகிரிக்கு விரிந்து பார்ப்பதால், பத்து அடி தாண்டியதுமே அந்த அளவுக்குக் கீழே போய்விடும். தேங்காய்க் குவியல் இருந்தது முப்பது அடி தள்ளி. 'ரெண்டு எம்பி, நாலு எம்பி' என்று கடைக்காரர் சொல்லும் மெகாபிக்சலைவிட லென்ஸ் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். இப்போது கொல்லைக் கதவுக்குப் பார்வை குறுகிய 6 மி.மீ. கேமரா ஒன்று எட்டடி உயரத்தில், ஆள் நுழையும் அந்த ஒரு சந்துப் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறது. முழுக் கொல்லையும் தெரியாதே என்று அப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

அடுத்தது கடிகாரம். இதை யாரும் எச்சரிக்க மாட்டார்கள். பழைய மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. என்னுடையது செத்துப் போயிருந்தது. மழை நாளில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது, ரூட்டர் எழவில்லை. இன்டர்நெட் இல்லாததால் சரியான நேரத்தைக் கேட்டு வாங்க வழியில்லாமல், பல வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பதிந்திருக்கிறது. காலையில் நேரம் சரியானதும், இதெல்லாம் காலாவதியான பதிவு என்று தானே அழித்தும் விட்டது! பேட்டரி ஐம்பது ரூபாய்கூட இல்லை. முதல் நாளே மாற்றிவிடுங்கள். கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன் திறக்கும் பக்கம்) ஒரு அமைப்பு இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரோடு சுவிட்சையும் ரூட்டரையும் சேர்த்தே யுபிஎஸ்ஸில் கொடுங்கள். கேமராக்களுக்கு சுவிட்ச் வழியாகத்தான் கரண்ட் போகிறது.

கேபிள் வாங்கும்போது ஒரு முனையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். நீளமான ஓட்டத்தில் கேமரா ராத்திரி விளக்கைப் போட்டதும் அணைந்து அணைந்து எழும்.

கேமரா வாங்கும்போது ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் (கேமரா வேறு கருவிகளோடு பேசுவதற்கான பொது முறைகள்) என்று பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவு வைஃபை கேமராக்களில் பல அதன் ஆப்புக்குள் மட்டும்தான் பேசும், உங்கள் கம்ப்யூட்டரோடு பேசாது. யுஎஸ்பி வெப்கேம் யோசனையையும் விட்டுவிடுங்கள். சாதாரண யுஎஸ்பி ஒயர் ஐந்து மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது, இருட்டிலும் ஒன்றும் தெரியாது.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் (இன்டர்நெட்டிலிருந்து வீட்டுக்குள் வரும் வழி) திறந்து வைக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். நான் டெயில்ஸ்கேல் (என் கருவிகளுக்குள் மட்டும் ரகசிய இணைப்பு போடும் மென்பொருள்) வைத்திருக்கிறேன், தனி ஆள் உபயோகத்துக்கு இலவசம். கேமராக்களுக்கு இன்டர்நெட்டே போகாதபடி ரூட்டரில் தடுத்தும் வைத்திருக்கிறேன்.

கரண்ட்: மீட்டர் போட்டு அளந்ததில் டிஸ்கோடு சேர்த்து 38 வாட். இரண்டு மாதத்துக்கு 55 யூனிட் வரும், கேமராக்கள் தனி. அளந்தபோது நம்மூரில் கிடைத்த 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே தின்றுவிட்டது. "ஏல, அந்தப் பெட்டி ராத்திரி பூரா உறுமிக்கிட்டே கெடக்கு, பில்லு யாரு கெட்டுவா?" என்று அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. பில் இப்போது என் கணக்கில். அம்மா ஒட்டடைக்கம்போடு வந்து லென்ஸ் முன்னால் இருக்கும் சிலந்தி வலையை வாரம் ஒருமுறை எடுத்துவிடுகிறார். இரண்டு தடவை கேமரா வானத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

எதிர்வீட்டு வாசல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியைக் கேமரா அமைப்பிலேயே கறுப்பாக மறைத்துவிடுங்கள். அந்த வீட்டு அக்கா கேட்கும்வரை நான் காத்திருந்தது தப்பு.

போலீஸ் வரை போக வேண்டி வந்தால், பதிவைப் பென்டிரைவில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் கேட்பார்கள், முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொன்னது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) எழுத வேண்டும். லினக்ஸில் அதற்கு ஒரே ஒரு கட்டளைதான். பதிவை நகல் எடுக்கும்போதே அதை ஓட்டி, வரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.