விண்டோஸ் 98 காலத்து டெஸ்க்டாப்பை ஆசைக்காக வாங்கலாமா? எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

கேள்வி: சின்ன வயதில் வீட்டில் இருந்தது போன்ற விண்டோஸ் 98 கணினி ஒன்றை வாங்கி, கொஞ்சம் மேம்படுத்தி வைத்துக்கொள்ள ஆசை. எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது? எதையெல்லாம் மாற்றலாம்?

தாராளமாக வாங்கலாம். ஆனால் கணினியைத் தேடப் போவதற்கு முன்னால் ஓர் ஆண்டை முடிவு செய்துகொள்ளுங்கள். 'பழைய கம்ப்யூட்டர்' என்று பொதுவாகத் தேடினால் கண்ணில் படுவதெல்லாம் ஆசையாக இருக்கும். வீட்டில் நாலைந்து கேபினெட் சேர்ந்துவிடும், நீங்கள் நினைத்த விளையாட்டு ஒன்றிலும் சரியாக ஓடாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி டேவும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் ஆடியதுதான் நினைவென்றால் அதற்கு 486 பிராசசர் உள்ள கணினி போதும். ரோடு ராஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், டயல்-அப் மோடத்தின் கீச்சொலி என்றால் அது வேறு கணினி. நீங்கள் விண்டோஸ் 98 என்று சொல்லிவிட்டதால் 1999–2000 என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் கணினி அசெம்பிள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவன் என்பதால் அதைப் பற்றித்தான் எனக்குத் தெம்பாகப் பேசவும் வரும்.

விளையாட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் ஒன்றும் வாங்க வேண்டாம். டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி ஓட்டும் இயங்குதளம்) விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. விண்டோஸ் 98-ஐ முழுதாக ஓட்ட 86பாக்ஸ், பிசிஎம் போன்ற எமுலேட்டர்கள், அதாவது பழைய கணினி போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன. இலவசம்தான். ஹார்டு டிஸ்க்கின் கரகரப்பு, பவர் பட்டனின் டொக்கு, மானிட்டர் சூடாகும்போது வரும் வாசனை, இவையெல்லாமும் சேர்ந்துதான் வேண்டும் என்பவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

அந்த ஆண்டுக்கு என் தேர்வு, இன்டெல் 440 பிஎக்ஸ் சிப்செட் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லுகள்) உள்ள மதர்போர்டு, அதில் ஒரு பென்டியம் 3. அந்த சிப்செட் 1998-ல் வந்தது. அதில் கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட்டும் உண்டு, டாஸ் காலத்து சவுண்ட் கார்டைச் சொருகும் பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டும் உண்டு. அதனால் டாஸுக்கும் விண்டோஸ் 98-க்கும் ஒரே பெட்டி போதும். 300 மெகாஹெர்ட்ஸ் செலரானை (இன்டெலின் மலிவு விலை பிராசசர்) 450-ல் ஓட்டிப் பெருமைப்பட்டதும் பெரும்பாலும் இந்த வகை போர்டில்தான்.

ஆனால் நம் ஊரில் அது எளிதில் அகப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பட்ஜெட் பார்த்து வாங்கிய வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் செலரானும் 810 சிப்செட்டும்தான் அதிகம். 810-ல் ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது, போர்டில் இருக்கும் கிராபிக்ஸோடு காலம் தள்ள வேண்டும். அதற்கு அடுத்து வந்த பென்டியம் 4, 845 சிப்செட் பெட்டிகள்தான் இன்றைக்கும் மூலைக்கு மூலை கிடக்கின்றன. 845-க்கு விண்டோஸ் 98 டிரைவர்கள் உண்டு, வேகத்துக்கும் குறைவில்லை. ஐஎஸ்ஏ மட்டும் இருக்காது, டாஸ் விளையாட்டில் ஒலி கேட்பது சந்தேகம். உங்கள் வீட்டில் இருந்ததே 810 என்றால், பிஎக்ஸைத் தேடி அலையாமல் அதையே வாங்குங்கள். நினைவுக்காகத்தானே வாங்குகிறீர்கள்!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்த் தேடினால் கால் வலிதான் மிஞ்சும், அங்கே கடைகள் காலத்தோடு போய்விட்டன. மூடிக்கிடக்கும் பிரவுசிங் சென்டர், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் கம்ப்யூட்டர் அறை, டிடிபி கடையின் பரண், பழைய இரும்புக்கடை, இங்கேதான் சரக்கு இருக்கிறது. காயலான் கடைக்காரரிடம் 'ரெட்ரோ', 'விண்டேஜ்' என்றெல்லாம் வாயைத் திறக்காதீர்கள், விலை அங்கேயே ஏறிவிடும். 'பழைய சிஸ்டம் ஒன்று வேண்டும்ணே, பையனுக்குப் பிரித்துக் காட்ட' என்றால் எடைக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார். இணையத்தில் விற்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள், அங்கே விலை வேறு.

வாங்கும் இடத்திலேயே கேபினெட்டைத் திறந்து பாருங்கள். ஓடுகிறதா என்பதைவிட உள்ளே என்ன நிலைமை என்பதுதான் முக்கியம். பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளை கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அவற்றை மாற்றியாக வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தரமில்லாத மின்பகுதிரவத்தோடு ஏராளமான கெப்பாசிட்டர்கள் சந்தைக்கு வந்துவிட்டன. அந்தக் காலத்து போர்டுகள் இன்றும் சாவது பெரும்பாலும் அதனால்தான். சால்டரிங் தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம், அதே மைக்ரோபேரட், அதே அல்லது சற்றுக் கூடுதல் வோல்டேஜ், லோ-இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) வகை என்று சொல்லி வாங்கிக் கொடுத்தால் போட்டுத் தந்துவிடுவார்.

486 பக்கம் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய எதிரி, போர்டில் சால்டர் செய்யப்பட்ட நீல நிற உருளை பேட்டரி. அது கசிந்து அடியில் உள்ள செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சையாகப் பூத்திருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பென்டியம் 3 காலத்தில் சிஆர் 2032 பட்டன் பேட்டரி வந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை, புதிதாக ஒன்று போட்டால் போதும்.

கொண்டுவந்ததும் ஆசையில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. பின்னால் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். யாரோ ஒரு குழந்தை அதைத் தள்ளி 115-ல் வைத்திருந்தால், நம் ஊர்க் கரண்டில் டமார் என்ற சத்தத்தோடு கதை முடிந்தது. அப்புறம், இருபது வருடம் தூசியிலும் கரப்பான்பூச்சி எச்சத்திலும் கிடந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி மதர்போர்டைப் பணயம் வைக்க நான் தயாரில்லை. புதிதாக வாங்கிவிடலாம். 24 பின் கனெக்டரை 20 பின் போர்டில் சொருகலாம், நான்கு பின் வெளியே தொங்கும், தப்பில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தக் கால போர்டுகள் பிராசசருக்கான மின்சாரத்தை 5 வோல்ட் வழியிலிருந்து எடுக்கும், இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் பலத்தை எல்லாம் 12 வோல்ட்டில் வைத்திருக்கும். வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காமல், ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள்.

அப்படியே எர்த்தையும் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும் என்று அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு சொல்வார்கள், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஆன் செய்தவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் எர்த் இல்லாத பிளக் பாயின்ட். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாக வரும் சிறு கசிவு மின்சாரம் எர்த்துக்குப் போக வழியில்லாமல் தகரத்தில் நிற்கும். எர்த் இணைப்பைச் சரி செய்தாலே அது போய்விடும். போகவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ்தான் கோளாறு, கழற்றிவிடுங்கள்.

ஆன் செய்ததும் விட்டுவிட்டு பீப் சத்தம் வந்தால் பதற வேண்டாம். ரேமைக் கழற்றி, அதன் தங்கநிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, துடைத்து மறுபடி சொருகுங்கள். எங்கள் தொழிலில் பாதிப் பேர் இந்த ஒரு வைத்தியத்தை வைத்தே பெயர் வாங்கினோம்.

இனி மேம்படுத்துவது. என் கணக்கு ரொம்ப எளிமையானது: கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எட்டாதவற்றை மாற்றுங்கள், எட்டுபவற்றை விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ், பேட்டரி, கெப்பாசிட்டர், ரேம் இதெல்லாம் புதிதானால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கீபோர்டு, மவுஸின் அடியில் உருளும் பந்து, மானிட்டர் ஆகியவற்றை மாற்றினீர்களென்றால் ஏன் வாங்கினோம் என்று ஆகிவிடும். மஞ்சள் பூத்த கேபினெட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை, மஞ்சளும் அதன் வயதுதானே.

ஹார்டு டிஸ்க் மட்டும் இரண்டுங்கெட்டான். அதன் சத்தம் நினைவில் பாதி, ஆனால் உயிர் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. காம்பாக்ட்பிளாஷ் மெமரி அட்டை, பழைய ஹார்டு டிஸ்க்குகளின் ஐடிஈ இணைப்புக்கு மின்னிணைப்பில் ஒத்துப்போகும், அதனால் சின்ன அடாப்டர் ஒன்று போட்டால் அதுவே ஹார்டு டிஸ்க் ஆகிவிடும். சத்தமே இருக்காது, ஆனால் விண்டோஸ் பறக்கும். பழைய பயாஸ்கள் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பலவற்றால் 32 ஜிபி-க்கு மேல் பார்க்க முடியாது, சில அங்கேயே உறைந்து நின்றுவிடும். 8 அல்லது 16 ஜிபி அட்டை போதும், விண்டோஸ் 98-க்கு அதுவே கடல். நான் அட்டையில் விண்டோஸைப் போட்டு, சத்தத்துக்காகவே பழைய டிஸ்க் ஒன்றை இரண்டாவதாக மாட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

ரேமில் பேராசை வேண்டாம். 512 எம்பி-க்கு மேல் போட்டால் விண்டோஸ் 98 'போதிய நினைவகம் இல்லை' என்று சொல்லும். அதிகம் இருப்பதால் போதவில்லை என்று அழும் ஒரே மென்பொருள் அதுதான்! சிஸ்டம் டாட் ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் (டிஸ்க்குக்கான தற்காலிக நினைவகம்) அளவைக் கட்டுப்படுத்தினால் சமாளிக்கலாம், ஆனால் எதற்கு? 256 போதும். பிஎக்ஸ் போர்டானால் 256 எம்பி துண்டில் 16 சில்லுகள் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 8 சில்லு உள்ளதை அது பாதியாகத்தான் காட்டும்.

கிராபிக்ஸ் கார்டில்தான் பணம் கரையும். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ என்ற பெயருக்கே இன்று தனி விலை. அந்த நிறுவனம் நொடித்து, சொத்தை 2000 டிசம்பரில் என்விடியா எடுத்துக்கொண்டது, அதற்கப்புறம் புதிது வரவில்லை. அந்தக் கார்டுகளுக்கென்றே இருந்த கிளைடு என்ற நிரல் இடைமுகத்தில் எழுதிய விளையாட்டுகள் வேண்டுமென்றால் வேறு வழியில்லை. இல்லையென்றால் ஜிபோர்ஸ் 2 எம்எக்ஸ் போதும், டிரைவரும் பிரச்சினை செய்யாது. ஆனால் பின்னால் வந்த 8எக்ஸ் ஏஜிபி கார்டுகள் 1.5 வோல்ட் அல்லது அதற்கும் கீழே ஓடுபவை, பழைய போர்டில் இருப்பது 3.3. ஸ்லாட்டின் வெட்டு ஒத்துப்போகவில்லையென்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். ஒலிக்கு, டாஸும் வேண்டுமென்றால் ஐஎஸ்ஏ சவுண்ட் பிளாஸ்டர் 16, விண்டோஸ் மட்டும் போதுமென்றால் பிசிஐ ஸ்லாட்டில் சொருகும் சவுண்ட் பிளாஸ்டர் லைவ்.

மானிட்டர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டாஸ் விளையாட்டின் 320க்கு 200 படத்தை விஜிஏ (அந்தக் காலத்துத் திரைத் தரம்) 400 வரிகளாக்கி, நொடிக்கு 70 தடவை வரைகிறது. பிக்சர் டியூப் அதை அப்படியே காட்டும். எல்சிடி தன் அளவுக்கு இழுத்து மங்கலாக்கும். இடமில்லையென்றால் பழைய சதுர எல்சிடியாவது வாங்குங்கள், அகலத்திரை வேண்டவே வேண்டாம். டியூப் மானிட்டரை நேரில் பார்த்துத்தான் வாங்க வேண்டும், இருபது நிமிடம் ஓடவிட்டு வெளிச்சம் குறைகிறதா என்று பாருங்கள். பார்சலில் அனுப்பச் சொன்னால் உடைந்துதான் வரும். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும், திரைப்பக்கம் சீட்டின் சாய்மானத்தைப் பார்த்து இருக்கும்படி காரில் வைத்துக் கொண்டுவாருங்கள். அதன் மூடியை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு ஓடும், அணைத்த பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொரு பயனும் உண்டு, பலர் யோசிப்பதில்லை. யூனிகோட் தமிழை மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளத்தில் சேர்த்தது விண்டோஸ் 2000-ல்தான். அதற்கு முன் தட்டச்சு செய்ததெல்லாம் பாமினி, திஸ்கி, 1999-ல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியீடு. உங்கள் வீட்டிலோ தெரிந்த அச்சகத்திலோ அந்தக் காலத்துப் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள் பிளாப்பியில் தூங்கினால், அவற்றைப் பக்க அமைப்பு கெடாமல் திறக்க அந்த எழுத்துருக்களோடு கூடிய விண்டோஸ் 98 பெட்டியைவிட நல்ல இடமில்லை. எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தவரின் கோப்புகளை இப்படித்தான் மீட்டோம். பிளாப்பியைப் போடுவதற்கு முன் தட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது டிரைவின் ஹெட்டையும் பாழாக்கிவிடும்.

நிறுவும்போது 98 இரண்டாம் பதிப்பையே போடுங்கள். முதலில் சிப்செட் டிரைவர், அப்புறம் கிராபிக்ஸ், கடைசியில் ஒலி. பென் டிரைவை அது தானாக அறியாது, என்யூஎஸ்பி என்று ரசிகர்கள் தொகுத்த டிரைவர் ஒன்றைப் போட்டால் அறியும். இணையத்தில் இணைக்க வேண்டாம். 2006 ஜூலையிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, இன்றைய தளங்களில் பெரும்பாலானவை அதன் பிரவுசரில் திறக்கவும் திறக்காது.

அப்புறம் இன்னொன்று: தொடர்ந்து 49.7 நாள் ஓடவிட்டால் விண்டோஸ் 98 உறைந்துவிடும் என்று ஒரு பிழை இருந்தது, மில்லிநொடிகளை எண்ணும் கணக்கு நிரம்பிவிடுமாம். நம் ஊரில் அத்தனை நாள் கரண்ட் போகாமல் இருந்தால்தானே கண்டுபிடிக்க!

வாங்குவதற்கு முன் மதர்போர்டின் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள். ஸ்லாட்டுகளுக்கு நடுவில் அச்சிட்டிருக்கும் மாடல் எண் தெரிந்தால் டிரைவர் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.