எல்க் குலுக்கல்: எந்த வரிசையில் போய் நிற்பது?

அமெரிக்காவில் எல்க் மான் வேட்டை லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பது பற்றி மலேசிய வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். கொலராடோவின் விண்ணப்பம் மார்ச் 1-ஆம் தேதி திறக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: என் மகன் ஒரு வருடமாக டென்வரில் வேலை செய்கிறான். இருவரும் சேர்ந்து எல்க் வேட்டைக்குப் போக ஆசை. குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் லைசென்ஸ் என்கிறான். இது வெறும் அதிர்ஷ்டமா, நம் கையில் ஏதாவது உண்டா?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நம் கையில் நிறையவே உண்டு. குலுக்கல் என்று பெயர் இருந்தாலும், கொலராடோவில் முதலில் நடப்பது வரிசைப்படுத்துவதுதான். முதல் விருப்பம் கிடைக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். அதிகப் புள்ளி உள்ளவருக்கே முதலில் லைசென்ஸ். ஒரே புள்ளியில் பலர் நிற்கும்போதுதான் குலுக்கலுக்கு வேலை வருகிறது.

விண்ணப்பத்தில் நான்கு விருப்பங்கள் எழுதலாம். புதியவர்கள் தவறுவது இங்கேதான். எல்லாருடைய முதல் விருப்பமும் முடிந்த பிறகுதான் இரண்டாவது விருப்பத்தைப் பார்ப்பார்கள். பூஜ்யம் புள்ளியோடு நிற்பவர் பெயர் பெற்ற இடங்களாகப் பார்த்து நான்கையும் நிரப்பினால், முதல் சுற்றிலேயே தீர்ந்துபோன இடங்களுக்காக மற்ற மூன்று விருப்பங்களையும் வீணாக்குகிறார். லைசென்ஸ் இரண்டாவது விருப்பத்தில் கிடைத்தால் சேர்த்த புள்ளி குறையாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதல் விருப்பத்தில் ‘புள்ளி மட்டும்’ என்ற குறியீட்டைப் போட்டுவிட்டு, இரண்டாவதில் போட்டி குறைந்த பெண் எல்க் வேட்டையை எழுதுகிறார்கள். அந்த ஆண்டு வேட்டையும் கிடைக்கும், புள்ளியும் ஏறும். எந்த இடம் எத்தனை புள்ளியில் முடிந்தது, எது இரண்டாவது விருப்பத்துக்கும் மிஞ்சியது என்பதை மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கடந்த மூன்று ஆண்டு அறிக்கைகளையாவது படிக்காமல் விண்ணப்பப் படிவத்தைத் தொடாதீர்கள்.

வேட்டைக் குறியீட்டைக் கவனமாக எழுதுங்கள். ‘ஈ-எம்-001-ஓ1-ஆர்’ என்ற வடிவில் அது இருக்கும். முதல் எழுத்து எல்க்கைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து பாலினம்: எம் என்றால் ஆண், எஃப் என்றால் பெண், ஈ என்றால் இரண்டில் ஒன்று. நடுவில் உள்ள மூன்று இலக்கம் வேட்டைப் பகுதியின் எண், அதை அடுத்து வருவது பருவம். கடைசி எழுத்து ஆயுதம்: ஆர் ரைபிள், ஏ வில், எம் குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. எம் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருவதைப் பாருங்கள். ரைபிள் வேட்டை என்று நினைத்துக் கடைசியில் எம் போட்டவருக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் பருவம்தான் கிடைக்கும்.

உங்கள் மகன் அங்கே ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தால் உள்ளூர்வாசியாக விண்ணப்பிக்கலாம். வெளியூர்க் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல். ஒதுக்கீடும் தனி: குலுக்கல் லைசென்ஸ்களில் 75 விழுக்காடு உள்ளூர்வாசிகளுக்கு, 25 விழுக்காடு வெளியாருக்கு. குழுவாக விண்ணப்பித்தால் குழுவில் யாருக்குப் புள்ளி குறைவோ அதுவே எல்லாருக்கும் கணக்கு. மகனிடம் புள்ளி இருந்து உங்களிடம் இல்லையென்றால், உங்களோடு சேர்ந்து அவரும் வரிசையின் கடைசிக்கு வந்துவிடுவார். அப்படியானால் தனித்தனியாக, ஒரே பகுதிக்கும் ஒரே பருவத்துக்கும் விண்ணப்பிப்பது நல்லது.

முதல் குலுக்கலில் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். ஜூனில் இரண்டாம் குலுக்கல் உண்டு, அதில் புள்ளிக்கு வேலையே இல்லை. அதற்குப் பிறகும் மிஞ்சுவதை ஆகஸ்டில் விற்பனைக்கு விடுகிறார்கள்.

கேள்வி: எனக்கு அமெரிக்காவில் யாரும் இல்லை. வாழ்நாளில் ஒருமுறை போனால் போதும். எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது?
— வாசகர், செந்தூல்

பதில்: புள்ளி சேர்த்துக் காத்திருக்கும் வரிசை உங்களுக்கு வேண்டாம். பெயர் பெற்ற பகுதிகளில் லைசென்ஸை விடப் புள்ளிக்காரர்கள் அதிகம். நீங்கள் ஆண்டுக்கு ஒரு புள்ளி ஏறும்போது தேவைப்படும் புள்ளியும் கூடவே ஏறுகிறது. பின்னால் சேர்ந்தவர் முன்னால் நிற்பவரை எட்டிப் பிடிப்பதே இல்லை.

நியூ மெக்சிகோவில் புள்ளி முறையே கிடையாது. முதல்முறை விண்ணப்பிப்பவரும் இருபது ஆண்டாக விண்ணப்பிப்பவரும் அங்கே சமம். உங்கள் எண் வரும்போது மூன்று விருப்பங்களையும் பார்த்த பிறகுதான் அடுத்தவருக்குப் போவார்கள், ஆகவே மூன்றையும் துணிந்து எழுதலாம். ஆனால் ஒதுக்கீடு இறுக்கமானது: 84 விழுக்காடு உள்ளூர்வாசிகளுக்கு, 10 விழுக்காடு பதிவுபெற்ற வழிகாட்டியோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு, வெளியாருக்கு 6 விழுக்காடு. மலேசியாவிலிருந்து போகிறவருக்கு எப்படியும் வழிகாட்டி தேவைப்படும். அந்த 10 விழுக்காட்டு வரிசையில் நிற்பதே எங்கள் பரிந்துரை.

வயோமிங்கில் வெளியாருக்கான லைசென்ஸில் 75 விழுக்காடு புள்ளி வரிசைப்படி போகிறது. மீதி 25 விழுக்காடு புள்ளி பாராத குலுக்கல். விண்ணப்பம் பிப்ரவரி தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அங்கே இன்னொரு சட்டமும் உண்டு: ‘வில்டர்னஸ்’ என்று மத்திய அரசு அறிவித்த காட்டுப் பகுதிகளில் வெளியூர்க்காரர் வழிகாட்டி இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாடக் கூடாது. வரைபடத்தில் அந்த எல்லையைப் பார்க்காமல் பகுதியைத் தேர்ந்தெடுத்தால், லைசென்ஸ் கையில் இருந்தும் பாதிக் காட்டுக்குள் கால் வைக்க முடியாமல் போகலாம்.

அரிசோனாவின் கணக்கு வேறு. அங்கே 20 விழுக்காடு அதிகப் புள்ளிக்காரர்களுக்குப் போகிறது. மற்ற சுற்றுகளில் ஒவ்வொரு புள்ளியும் கூடுதலாக ஒரு சீட்டு மாதிரி. நெவாடாவில் புள்ளியை வர்க்கமாக்குகிறார்கள், 5 புள்ளி 25 ஆகிவிடும். ஒருமுறை மட்டும் போக நினைப்பவருக்கு இவை இரண்டும் பொருந்தாது.

கேள்வி: கடைசி நாள் இரவு உட்கார்ந்தேன். முதலில் கணக்கு திறக்க முடியவில்லை, பிறகு வங்கி அட்டை ஏற்கப்படவில்லை. அடுத்த முறை என்ன செய்வது?
— வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நேரக் கணக்கில் நமக்குக் கொஞ்சம் சலுகை இருக்கிறது. கொலராடோவில் கடைசி நேரம் வழக்கமாக ஏப்ரல் முதல் செவ்வாய் இரவு 8 மணி. அப்போது கோலாலம்பூரில் புதன் காலை 10 மணி. ஆனால் அந்த நேரத்தை நம்பி இருக்கக் கூடாது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத வெளிநாட்டவருக்குக் கணக்கு திறப்பதே ஒரு தனி வேலை. இரண்டு வாரம் முன்னதாகவே, அவர்களுடைய அலுவலக நேரத்தில், அதாவது நமக்கு நள்ளிரவில், தொலைபேசியில் கேட்டு முடித்துவிடுங்கள்.

வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் முன்பே வேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். வயோமிங்கில் அந்த ஆண்டு 1966. விண்ணப்பத்தில் சான்றிதழ் எண்ணைக் கேட்கும் பெட்டியில்தான் பலர் கடைசி நாளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பணம் எப்போது கேட்கப்படும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வயோமிங்கும் நியூ மெக்சிகோவும் முழுக் கட்டணத்தையும் விண்ணப்பிக்கும்போதே வாங்கி, கிடைக்காதவர்களுக்குத் திருப்பித் தருகின்றன. விண்ணப்பக் கட்டணம் திரும்பாது, ரிங்கிட்டுக்கு மாற்றும்போது இழப்பதும் திரும்பாது. கொலராடோவில் விண்ணப்பக் கட்டணத்தோடு ஒரு தகுதி லைசென்ஸும் (விண்ணப்பிக்கத் தகுதி தரும் வேறொரு வேட்டை லைசென்ஸ்) முதலில் வாங்க வேண்டும். எல்க் லைசென்ஸுக்கான பணம் குலுக்கல் முடிந்த பிறகே எடுக்கப்படும். அந்த நாளில் அட்டை மறுக்கப்பட்டு, கெடு தேதிக்குள் நீங்களும் கட்டவில்லை என்றால் லைசென்ஸ் போய்விடும். நம் ஊர் டெபிட் அட்டைகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் உயர்த்தி, முடிவு வெளியாகும் வாரம் முழுக்க அப்படியே விட்டுவையுங்கள்.

கேள்வி: லைசென்ஸ் கிடைத்துவிட்டால் துப்பாக்கிக்கு என்ன செய்வது? இங்கிருந்து கொண்டுபோக வேண்டுமா?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேண்டாம். பல வழிகாட்டி நிறுவனங்கள் இரவல் ரைபிள் தரும். இங்கே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி அனுமதி, அங்கே இறக்குமதிப் படிவம் என்று இரண்டு பக்கமும் அலைவதற்கு அதுவே மேல்.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. சுற்றுலா விசாவில் போகும் உங்களுக்கு மட்டுமல்ல, அங்கே வேலை விசாவில் பல ஆண்டுகளாக இருக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் லைசென்ஸ் இல்லை என்றால் உங்கள் ரைபிளைத் தூக்கிக்கொண்டு கூட நடக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

விசாவை முன்கூட்டியே பாருங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு விசா விலக்கு கிடையாது, ஜாலான் துன் ரசாக் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைக்கவே நேரமாகலாம். முடிவு வந்த பிறகு தொடங்கினால் அக்டோபர் பருவத்துக்குள் முடியாமலே போகக்கூடும்.

இரவல் ரைபிளும் விதிக்குள் இருக்க வேண்டும். கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது 6 மில்லிமீட்டர் விட்டம், 85 கிரெய்ன் எடையுள்ள விரியும் தோட்டா. ரைபிள் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குல அளவுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை, அதே நிறத்தில் தொப்பி. திரும்பி வரும்போது சட்டைப் பை, பை மடிப்பு எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் நம் விமான நிலையத்தில் அது ஆயுதக் குற்றம். வெற்றுக் கூட்டை நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் வேண்டாம்.

கேள்வி: இறைச்சியையும் கொம்பையும் கொண்டுவரலாமா?
— வாசகி, செராஸ்

பதில்: இறைச்சியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒரு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், எலும்பு நீக்கினால் 80 கிலோவுக்கு மேல் கறி தேறும். இங்கே இறைச்சி இறக்குமதிக்கு அரசின் அனுமதி வேண்டும். காட்டில் உரித்த கறிக்கு அது சாத்தியமில்லை.

கொம்புக்கு இரு நாட்டு அனுமதிகளையும் பயணத்துக்கு முன்பே விசாரியுங்கள். மூளைத் திசு ஒட்டாமல் மண்டையோட்டுத் தகட்டைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். மான்களை மெலிவித்துக் கொல்லும் பிரியான் நோய் கொலராடோவில் இருக்கிறது. அது மூளையிலும் தண்டுவடத்திலும் நிணநீர்க் கணுக்களிலும்தான் அதிகமாகச் சேர்கிறது.

கேள்வி: என்னால் போக முடியாவிட்டால் லைசென்ஸைத் தம்பிக்கு மாற்றித் தரலாமா?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: முடியாது. உங்கள் பெயரில் வந்த லைசென்ஸைக் கொண்டு அவர் சுட்டால் இருவருமே குற்றவாளிகள்.

கேள்வி: நம் நாட்டிலேயே ரூசா மானுக்கு இப்படிக் குலுக்கல் உண்டா?
— வாசகர், கெப்போங்

பதில்: இல்லை. தீபகற்ப மலேசியாவில் ரூசா, கீஜாங் (குரைக்கும் மான்) இரண்டின் வேட்டைக்கும் 2009-இல் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) தடை கொண்டுவந்தது. எண்ணிக்கை சரிந்ததும், புலிக்கு இவை முக்கிய இரை என்பதும்தான் காரணம். யாராவது ரூசா லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.